ஞாயிற்றுக்கிழமையில் அளந்த தெரு

போன மாதம் என் பழைய ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். ட்ரோன் வாங்கியிருக்கிறோம், ஒருமுறை வந்து பாருங்கள் சார் என்றார்கள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கூப்பிட்டால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அங்கே காபி நன்றாக இருக்கும் என்பது ஒரு காரணம். வீட்டில் இருந்தால் தொட்டிச் செடிகளை இடம் மாற்றி மாற்றி வைத்து மனைவியிடம் திட்டு வாங்குவேன் என்பது இன்னொரு காரணம்.

பெரிய திரையில் ஒரு தெருவை மேலிருந்து காட்டினார்கள். மரங்களின் உச்சி, சாக்கடை மூடி, மின்கம்பம், உடைந்த நடைபாதைக் கல், எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. நானும் இரண்டு உதவியாளர்களும் டேப்பைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் படாத பாடு பட்டு எடுக்கும் அளவுகளை அது முக்கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டதாம். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. அந்தத் தெருவில் ஓர் ஆள் இல்லை.

"என்னைக்குப்பா எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"சண்டே காலையில சார். டிராஃபிக் இருக்காதுல்ல, கிளீனா வரும்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக் காபி மூக்கில் ஏறிவிட்டது. முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்கள். எதற்குச் சிரித்தேன் என்று சொல்லி முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். என் தப்பைத்தான் எழுதப் போகிறேன் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் படம் வரைபவன். டிராஃப்ட்ஸ்மேன். பிறந்தது பெங்களூரின் பழைய கன்டோன்மென்ட் பக்கம். அப்பா ராணுவ வண்டிகளுக்கு நம்பர் எழுதும் பெயின்டர். எனக்கு அவரிடமிருந்து வந்த ஒரே சொத்து கையெழுத்து. ஐ.டி.ஐ.யில் படித்து முடித்து, ஒரு கட்டட ஆர்க்கிடெக்டிடம் பதினைந்து வருடம் கக்கூஸும் மாடிப்படியும் வரைந்தேன். அந்தக் காலத்தில் கட்டடத்தைச் சுற்றிக் காலி இடம் இருந்தால் அதில் மரம் போடுவதற்கு எங்களிடம் ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. பெரிய மரம் ஒன்று, சின்ன மரம் ஒன்று. மையில் ஒற்றி நாலு இடத்தில் குத்தினால் தோட்டம் தயார். நான் ஒரு மத்தியானத்தில் ஒரு காட்டையே குத்தியிருக்கிறேன்.

அப்புறம் லேண்ட்ஸ்கேப் ஆபீசில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கட்டடத்துக்கு வெளியே இருப்பதை, அதாவது பூங்கா, தெரு, முற்றம், நடைபாதை ஆகியவற்றை வடிவமைக்கும் வேலை. என் மாமாவுக்குப் புரியவைக்கப் பார்த்தேன். "தோட்ட வேலைக்காடா இத்தனை வருஷம் படிச்சே?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்த ஆபீசை நடத்தியவர் வசுதா மேடம். மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர், என்னைவிட நாலு வயது சின்னவர். நான் கொண்டுபோன படங்களைப் புரட்டிப் பார்த்தார். ஒரு வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ன மரம்?"

"மரம், மேடம்."

"ஹௌது, மரம். யாவ மரம்?" எந்த மரம் என்று கன்னடத்தில் கேட்டார்.

நான் ஸ்டாம்ப் என்று சொல்லாமல் மென்று விழுங்கினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார். "கையெழுத்து சூப்பராயிருக்கு. மரம் அப்புறம் கத்துக்கலாம்" என்று அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். அங்கேயே இருபத்து மூன்று வருடம் ஓடிவிட்டது.

மேடத்தின் வழிமுறைகள் தனி. அவருக்குக் கோபம் வராது. வந்தாலும் குரலில் தெரியாது. வேலை நடக்கும் இடத்துக்குப் போனதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். வெறுங்காலோடு நடந்தால்தான் எங்கே மேடு, எங்கே ஈரம் என்று தெரியும் என்பார். படத்தைத் தரையில் சுண்ணாம்புப் பொடியால் அதே அளவில் வரையச் சொல்லுவார். காகிதத்தில் அகலமாகத் தெரிந்த பாதையில் இரண்டு பேர் சேர்ந்து நடந்து பார்த்தால் தோள் இடிக்கும். உடனே காலால் கோட்டை அழித்துவிட்டு, "இன்னும் ஸ்வல்ப" என்பார். கொஞ்சம் என்பதைக் கன்னடத்தில் அவர் சொல்லும்போது அது அரை அடியா, ரெண்டு அடியா என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பெஞ்சுக்கு உயரம் முடிவு செய்ய மூன்று முக்காலிகள் வைத்திருந்தார். ஒன்று பதினைந்து அங்குலம், ஒன்று பதினேழு, ஒன்று பத்தொன்பது. பூங்கா எங்கே போடுகிறோமோ அங்கே அவற்றைக் கொண்டுபோய் வரிசையாக வைத்து, போகிற வருகிறவர்களை உட்காரச் சொல்லி, எழுந்திருக்கும்போது யாருக்கு முட்டி வலிக்கிறது என்று நான் குறிக்க வேண்டும். அத்திபெலேயில் ஒரு பஸ் நிறுத்தத்துக்காக அப்படி உட்கார்ந்திருந்தேன். ஓசூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் மூன்றிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நடுவுல இருக்கறது எவ்ளோப்பா?" என்றார். விற்பனைக்கு இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. "சும்மா சொல்லுப்பா, காலையிலேர்ந்து ஒண்ணும் போணியாவலன்னு பாத்தாலே தெரியுது" என்றார். பதினேழு அங்குலத்துக்கு எதிரே ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன்.

இந்த இருபத்து மூன்று வருடத்தில் தொழில் தலைகீழாக மாறியது. நான் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் புல்வெளி வேண்டும். புல்வெளியைச் சுற்றிக் கம்பி, கம்பியில் 'உள்ளே வராதீர்' என்று ஒரு பலகை. அந்தப் பலகையை நானே அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்து கம்பெனி வாசல்களுக்கெல்லாம் வரிசையாகப் பனை மாதிரி ஒரு மரம் கேட்டார்கள். நிழலும் தராது, குயிலும் உட்காராது. பிறகு ஊரில் மழை பெய்தால் தெரு ஏரியாவதும், மழை நின்றால் போர்வெல் வறண்டு போவதும் ஆரம்பித்தது. அப்போதுதான் தெருத்தண்ணீரைத் தெருவிலேயே மண்ணுக்குள் இறக்க வேண்டும், நடக்கிறவர்களுக்கு நிழல் வேண்டும் என்று பேச்சு வந்தது. எங்களுக்குப் பூங்காவைவிடத் தெரு வேலைகள் அதிகம் வந்தன.

தெரு என்றால் முதலில் அளக்க வேண்டும். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. வேலை நாளில் டேப்பைத் தரையில் விரித்தால் ஆட்டோ ஏறும். மட்டம் பார்க்கும் கருவியில் கண்ணை வைத்தால் குறுக்கே பால்வண்டி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனால் தெரு துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பத்து மணிக்குள் மூட்டை கட்டிவிடலாம். இந்த ஏற்பாடு என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஆறு வருடம் இப்படியே எல்லாத் தெருவையும் அளந்தேன். மற்ற ஆபீஸ்காரர்கள்கூட என் அளவுப் படங்களை வாங்கிப் பார்த்து, "எவ்வளவு கிளீன்!" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

அப்படி அளந்த தெருக்களில் ஒன்று ஈஜிபுராவில். இரண்டு தெருக்கள் சேரும் இடத்தில் முக்கோணமாக ஒரு மூலை. நடுவில் வயதான புங்கமரம் ஒன்று. மரத்தடியில் எதுவும் இல்லை. படத்தில் அந்த இடத்தில் என் அப்பாவின் கையெழுத்தில் 'காலி இடம்' என்று எழுதினேன். காலி இடம் என்றால் எங்களுக்கு அல்வா மாதிரி. மேடம் அங்கே இரண்டடி ஆழத்தில் ஒரு மழைக்குழி வடிவமைத்தார். தெருத்தண்ணீர் அதில் இறங்கி மண்ணுக்குள் போகும். உள்ளே கல்வாழையும் நாணலும் வளரும். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வார்டு ஆபீசில் கையெழுத்தாகி, வேலை தெருவின் மறுகோடியில் தொடங்கிப் படிப்படியாக வந்து, கடைசியில் அந்த மூலைக்கு வந்தது. வியாழக்கிழமை தோண்ட வேண்டும். அதற்கு முன் சுண்ணாம்புக் கோடு போட நான் போனது ஒரு திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு.

கோடு போட இடமில்லை. புங்கமரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி நின்றது. அதைச் சுற்றித் துணி மூட்டைகள். பொம்மசந்திரா கம்பெனி பஸ்ஸுக்காக இருபது இருபத்தைந்து பேர் டிபன் பையோடு நின்றார்கள். ஒருவர் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தார். ஒரு பாட்டு வேறு ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ கோவில் திருவிழா போலிருக்கிறது, போய்விட்டு நாளைக்கு வரலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"இன்னைக்கு இங்க என்னம்மா விசேஷம்?"

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"திங்கக்கெழம சார்" என்றார்.

அவர் பெயர் சரோஜா. திருப்பத்தூர்ப் பக்கம். நாற்பது வயது இருக்கும். பதினான்கு வருடமாக அதே மரத்தடியில் இஸ்திரி போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை. அன்றைக்கு வண்டியைச் சந்துக்குள் தள்ளி நிறுத்திவிடுவார். இதற்கு முன்னால் வேறு இரண்டு மூலைகளிலிருந்து அவரைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இங்கேயும் கிளப்பினால் அந்த நாலு தெரு வாடிக்கையும் போய்விடும். பக்கத்துத் தெரு மேடு. கரிப்பெட்டியோடு அந்த வண்டியை ஒற்றை ஆளாக அங்கே ஏற்ற முடியாது.

"படத்த காட்டுங்கோ சார், பாப்பம்" என்றார். விரித்துக் காட்டினேன். படிக்கத் தெரியாது என்று சொன்னவர், மரத்தின் வட்டத்தைச் சட்டென்று கண்டுபிடித்துவிட்டார். "இது மரம்." சாக்கடைக் கோட்டைத் தொட்டார். "இது மோரி. அப்போ நா இங்க இருக்கணும்." விரல் சரியாக மழைக்குழியின் நடுவில் இருந்தது. "இங்க இன்னா சார் பச்சையா கீது?"

"செடிம்மா."

"நா எங்க?"

அப்படி ஒரு வெட்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ஆறு வருடமாக நான் அளந்ததெல்லாம் ஆட்கள் இல்லாத ஊரை. எத்தனை சரோஜாக்கள் மேல் செடி நட்டேனோ என்று நினைத்தபோது காது சூடாகிவிட்டது.

வார்டு இன்ஜினியர் அப்போது அங்கே வந்தார். நல்ல மனிதர், ஆனால் கையில் இருக்கும் காகிதத்தை மீறி ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார். இஸ்திரி வண்டி இருக்கிறது என்று சொன்னேன். படத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ட்ராயிங்னல்லி இல்வல்ரீ. ட்ராயிங்ல இல்லாதத நா எப்படி விடறது? சர்வே யார் பண்ணது?"

"நான்தான் சார்."

"அப்புறம்?" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லத் தேவையில்லை.

மேடத்திடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். ஞாயிற்றுக்கிழமை விஷயத்தையும் சேர்த்து. அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "குமரேசன் அவரே, நான் மட்டும் எந்தக் கிழமைன்னு கேட்டேனா? காலி இடம்னு பாத்ததும் குழி போட்டுட்டேன்" என்றார். பிறகு அந்த மூலையை மட்டும் பெரிதாக வரைந்து ஒரு தாளில் எடுக்கச் சொன்னார். "நாளைக்கு காலையில அஞ்சரையிலிருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும் அங்க உக்காருங்க. யாராவது ஒரு டீ குடிக்கிற நேரம் நின்னா ஒரு புள்ளி. உக்காந்தா ஒரு வட்டம். சும்மா நடந்து போறவங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு கலர் பென்சில் மாத்துங்க. நீங்க எதையும் முடிவு பண்ணாதீங்க. புள்ளி மட்டும் வைங்க."

செவ்வாய்க்கிழமை முழுக்க சரோஜாவின் கரி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுகமாக ஒரு வேலை செய்ததில்லை. தாளும் பென்சிலுமாக ஒருவன் உட்கார்ந்திருந்தால் இந்த ஊரில் சும்மா விடமாட்டார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க ஒருவர் வந்தார். வோட்டர் லிஸ்ட்டா என்று ஒருவர் கேட்டு, கேட்காமலே தன் முழுப் பெயரையும் தகப்பனார் பெயரையும் சொன்னார். ஓர் ஆட்டோ டிரைவர் என்னைப் போலீஸ் என்று நினைத்து வண்டியை அடுத்த தெருவில் போட்டார். நீலப் பென்சிலில் விடியற்காலை ஷிப்டுக்காரர்கள் மட்டும் முப்பதுக்கு மேல் புள்ளி. பச்சையில் பள்ளிக்கூட வேன். சிவப்பில் மதியத் தூக்கம் போடும் ஆட்டோக்காரர்கள், எல்லாம் வட்டம்.

நாலு மணிக்குத்தான் எனக்குப் புரியாத ஒன்று நடந்தது. பள்ளியிலிருந்து வந்த இரண்டு பெண் குழந்தைகள் வண்டியின் பக்கவாட்டுக்குப் போய் நின்றார்கள். சரோஜா பேசாமல் ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தார். எட்டிப் பார்த்தேன். பலகையில் வரிசையாக ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் ஒரு வீட்டுச் சாவி.

"இதெல்லாம் யாரு சாவிம்மா?"

"காலைல பஸ்ஸுக்கு நின்னாங்கோ பாருங்கோ, அவங்கோளுது. அவங்கோ வர ஏழு மணி ஆயிரும். புள்ளைங்கோ நாலு மணிக்கே வந்துருங்கோ. யாரு கிட்ட குடுத்துட்டுப் போவாங்கோ?"

அந்தச் சாவிகளுக்கு என்ன நிறத்தில் புள்ளி வைப்பது என்று தெரியவில்லை.

ஏழு மணிக்குத் தாளை மடிக்காமல் அப்படியே ஆட்டோவில் கொண்டுபோய் மேடத்தின் மேஜையில் விரித்தேன். புங்கமரத்தடி முழுக்கப் புள்ளியும் வட்டமும் மொய்த்துக் கிடந்தன. முக்கோணத்தின் கீழ்க்கோடியில், மின்சாரப் பெட்டியின் எதிர்ப்பக்கம், ஒரு புள்ளிகூட இல்லை. அந்த இடம் நான் எடுத்த மட்டத்தின்படியே நாலு அங்குலம் தாழ்வு. மழை பெய்தால் தண்ணீர் தானாகவே அங்கேதான் வந்து நிற்கும். சேறாக இருக்கும் என்று யாரும் அங்கே நிற்பதில்லை. மேடம் செருப்பைக் கழற்றிவிட்டார். ஆபீசுக்குள்ளேயே. சந்தோஷம் வந்தாலும் அவர் அதைத்தான் செய்வார்.

"குழியே அங்க போகணும்னு சொல்லுது குமரேசன் அவரே. நாமதான் கேக்கல."

குழியை இடம் மாற்றுவது அரை மணி வேலை. வண்டியைப் படத்தில் ஏற்றுவதுதான் பெரிய வேலை. கம்ப்யூட்டரில் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் தயார்ப் படம் உண்டு. காருக்கு நாற்பது வகை, நாயைக் கூட்டிக்கொண்டு போகும் வெள்ளைக்காரிக்குக்கூட ஒன்று. இஸ்திரி வண்டிக்கு இல்லை. புதன்கிழமை காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் வண்டியை அளந்தேன். நீளம், அகலம், சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி, கரி கொட்டும் பக்கம், மூட்டை அடுக்கும் பக்கம், சரோஜா கையை வீசி இழுத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பது உட்பட.

"ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கற மாரி எடுக்கறாரு பாரு" என்றார் சரோஜா. பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்தான்.

எங்கள் படங்களில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு முன்பே அந்த இடத்தில் இருப்பவற்றைக் காட்டி, பக்கத்தில் 'உள்ளது, அப்படியே விட வேண்டும்' என்று எழுதிவிட்டால், ஒப்பந்தக்காரர் அதைத் தொடக்கூடாது. பழைய மரத்துக்கும் கிணற்றுக்கும்தான் அப்படி எழுதுவோம். நான் அந்தச் செவ்வகத்துக்குப் பக்கத்தில் எழுதினேன்: 'இஸ்திரி வண்டி. உள்ளது, அப்படியே விட வேண்டும்.' எழுத்து ஒவ்வொன்றும் அச்சு மாதிரி வந்தது.

ஆனால் கையெழுத்தான படத்தை மாற்றினால், கீழே திருத்தக் கட்டத்தில் காரணம் எழுதியாக வேண்டும். எல்லோரும் 'இடத்தின் நிலைமையை முன்னிட்டு' என்று எழுதித் தப்பித்துக்கொள்வார்கள். எனக்கும் அதுதான் கைக்கு வந்தது. மேடம் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். அந்த நாற்பது நொடியில் எனக்குள் நடந்த சண்டை எனக்குத்தான் தெரியும். ஆறு வருடப் பெயர் அந்தக் கட்டத்தில் போய்விடும். கடைசியில் எழுதினேன்: 'முந்தைய அளவை ஞாயிற்றுக்கிழமை எடுக்கப்பட்டது. வேலை நாளில் உள்ளவை விடுபட்டன. தவறு என்னுடையது.' பெயரும் போட்டேன். ஆங்கிலம், கன்னடம் இரண்டிலும். பிரிண்ட் எடுத்து வார்டு ஆபீசில் கொடுத்தபோது மாலை நாலு மணி. இன்ஜினியர் வெளியே போயிருந்தார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜேசிபி வந்துவிட்டது. இன்ஜினியர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. சரோஜா வண்டியை நகர்த்தவில்லை. கரியை ஊதிக் கொண்டிருந்தார். நான் ஜேசிபிக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றேன். வீரம் ஒன்றும் இல்லை, வேறு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. டிரைவர் தர்மபுரிக்காரர். இன்ஜினைப் போட்டபடி அரை மணி நேரம் பார்த்தார். பிறகு அணைத்துவிட்டு இறங்கி வந்து, ஒரு பையிலிருந்து கசங்கிய சட்டை ஒன்றை எடுத்தார்.

"எப்படியும் சும்மாத்தான் நிக்கிறேன். இதயாச்சும் தேச்சுக் குடுக்கா. சாயங்காலம் ஒரு நிச்சயதார்த்தம்."

"எத இடிக்க வந்தியோ அதுலயே துணி போடறியா நீ?" என்றார் சரோஜா. ஆனாலும் வாங்கித் தேய்த்தார். காலருக்குத் தண்ணீர் தெளித்து இரண்டு தரம் தேய்த்தார்.

பதினொரு மணிக்கு இன்ஜினியர் வந்தார், கையில் புதுப் படத்தோடு. திருத்தக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இருபது வருஷ சர்வீஸ்ரீ எனக்கு. இந்தக் கட்டத்துல நிஜத்த எழுதி இப்பத்தான் பாக்கறேன்" என்றார். படத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "ஆய்து. ட்ராயிங்ல இருக்கு" என்று வண்டியின் மேல்பலகையிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பஸ் போய்விட்டதால் கைதட்ட ஆள் இல்லை. இட்லிக்காரர் மட்டும் ஆளுக்கு இரண்டு இட்லி கொடுத்தார். ஜேசிபி டிரைவர் நாலு சாப்பிட்டுவிட்டு, கீழ்க்கோடிக்குப் போய்க் குழி தோண்டினார்.

கையெழுத்தான படத்தில் ஒரு பிரதி வேண்டும் என்று சரோஜா கேட்டார். வழக்கம் இல்லை, ஆனாலும் மேடமே கொண்டுபோய்க் கொடுத்தார். அதை அவர் எட்டாக மடித்து, விரிப்புத் துணிக்கு அடியில் வைத்தார். அடுத்த மூன்று வாரத்தில் ஒரு தடவை யாரோ பால் பூத் போடுவதற்காக இடம் பார்க்க வந்தார்களாம். அவர் அதை எடுத்து நீட்டினாராம். "நா ட்ராயிங்ல இருக்கேன். நீங்கோ இருக்கீங்களா?"

வேலை முடிந்தது. மரத்தடியில் வண்டி அளவுக்குச் சரியாக, சறுக்காத கருங்கல் பலகைகளைப் பதித்தோம். ஒரு பக்கம் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குப் பெஞ்சு. அந்த வார ஞாயிறு மாலையே மழை பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் நானும் மேடமும் போய்ப் பார்த்தோம். தெருத்தண்ணீர் முழுக்கக் குழியில் இறங்கியிருந்தது. மரத்தடியில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை. மேடம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குழியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஆறு மணிக்கு சரோஜா சந்திலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் அளந்து, வரைந்து, பதித்த கல்லின் மேல் அது கச்சிதமாக ஏறி நின்றது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சரோஜா இடுப்பில் கை வைத்து அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். பிறகு வண்டியை ஒரு தம் பிடித்து இரண்டடி வலது பக்கம் தள்ளினார். இரண்டு சக்கரம் கல்லுக்கு வெளியே.

"ஏம்மா? அங்கதானே அளவெடுத்தோம்?"

"அங்க ரெண்டு மணிக்கு வெயிலு மொகத்துல அடிக்கும்ணா. மார்கழி வரைக்கும் நா இப்படி நிப்பேன், அதுக்கப்பறம் அப்படி நிப்பேன்."

"நான் ஒரு நாள் முழுக்க இங்கதானே உக்காந்திருந்தேன். வெயில் அடிக்கலையே?"

"நீங்கோ ஒக்காந்த அன்னிக்கு மேகம் போட்டிருந்துச்சு, அதான் நா நவுத்தல."

மேடம் பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு முதலில் அழுகை வரும் போலிருந்தது, பிறகு நானும் சிரித்தேன். மேஸ்திரிக்குப் போன் பண்ணி இன்னும் இரண்டு பலகைக் கல் கொண்டுவரச் சொன்னார் மேடம்.

சரோஜா விரிப்புக்கு அடியிலிருந்து தன் பிரதியை எடுத்தார். மடிப்பெல்லாம் கோடு விழுந்திருந்தது. ஓர் ஈரத்துணியை மேலே போட்டு, சூடு அதிகம் ஏறாத பெட்டியால் இரண்டு இழுப்பு இழுத்தார். தாள் புதிது மாதிரி நிமிர்ந்தது.

"இதுலயும் மாத்திக் குடுங்கோண்ணா. நா ஒரு எடத்துல, காயிதம் ஒரு எடத்துல இருக்கக் கூடாது."

வண்டியின் பலகையிலேயே வைத்து, சிவப்புப் பென்சிலால் இரண்டடி தள்ளி இரண்டாவது செவ்வகத்தைப் போட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஓர் அம்பு, மார்கழிக்கு முன், மார்கழிக்குப் பின். கீழே என் பெயர். திருத்தம் இரண்டு, காரணம்: மேகம். நான் கையெழுத்துப் போட்ட ஆயிரக்கணக்கான தாள்களில், எனக்கு இது வேண்டும் என்று ஒருவர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். தாளில் இன்னும் சூடு இருந்தது.

அவர் அதை மடித்து உள்ளே வைத்துவிட்டுப் பெட்டியைக் கையில் எடுத்தார். பஸ்ஸுக்கு ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து ஆணியில் சாவியை மாட்டினார்கள்.